பின்சக்கரத்துக்கு டிரம்மா, டிஸ்க்கா?

சின்ன காரில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்தான், அதாவது சக்கரத்தோடு சுழலும் தகட்டை இரண்டு பேட்கள் இருபுறமும் கவ்விப் பிடிக்கும் வகை, அதில் பேச்சே இல்லை. பிரேக் மிதித்ததும் வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கும் அங்கேதான். கேள்வியெல்லாம் பின்சக்கரத்தில். பழைய கார் தேடியபோது பின்னால் டிரம் (சுழலும் மூடிய உருளைக்குள் இருந்து இரண்டு ஷூக்கள் விரிந்து அழுத்தும் வகை) உள்ள வண்டியும், நாலு சக்கரத்திலும் டிஸ்க் உள்ள வண்டியும் கைக்கு எட்டின. நான் டிரம் வண்டியை எடுத்தேன். பிரேக் வேலையை வீட்டு வாசலில் நானே செய்கிறவன் என்பதால் அந்தக் கோணத்திலிருந்தே சொல்கிறேன்.

நிறுத்தும் திறனில் டிஸ்க் மேல். சூடு சீக்கிரம் ஆறும், நனைந்தாலும் உடனே பிடிக்கும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாம் கியரில் நிதானமாக இறங்கினால் டிரம்மே எனக்குப் போதுமாக இருக்கிறது. ஆனால் ஐந்து பேரோடும் மூட்டை முடிச்சோடும் அடிக்கடி மலை இறங்குகிறவருக்கு என் அனுபவத்தை வைத்து உறுதி சொல்ல மாட்டேன்.

மாட்டுவதில் முன் டிஸ்க் சுலபம். பேட்களைத் தாங்கும் காலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே தூக்கி, பேட்டை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளி, புது பேட் வைத்து, காலிப்பர் நகர்ந்துகொடுக்கும் கம்பியான ஸ்லைடு பின்னில் பிரேக் கிரீஸ் தடவினால் முடிந்தது. பின் டிஸ்க் அப்படியில்லை. பல வண்டிகளில் ஹேண்ட் பிரேக்கும் அதே காலிப்பருக்குள் இருக்கும். அந்த பிஸ்டனைத் திருகிக்கொண்டே தள்ள வேண்டும், அதற்குத் தனி டூல் வேண்டும். கிளாம்ப் போட்டு அமுக்கினால் உள்ளே இருக்கும் அமைப்பே கெட்டுவிடும்.

டிரம்முக்குப் பொறுமை வேண்டும். ஹேண்ட் பிரேக்கை இறக்கிய பிறகும் டிரம் வரவில்லை என்றால் சுத்தியலைத் தூக்காதீர்கள். பல மாருதி டிரம்களில் மரையுள்ள இரண்டு ஓட்டைகள் இருக்கும், 8 மி.மீ. போல்ட் இரண்டை மாற்றி மாற்றி முறுக்கினால் தானே வெளியே வரும். ஷூவின் தேயும் மேற்பரப்பான லைனிங் பழையதாக இருந்தால் அதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம் என்பதால் தூசியை ஊதக்கூடாது, ஈரத்துணியால் துடையுங்கள். அப்புறம் முக்கியமானது: ஒரு பக்கம் முழுசாக மாட்டி முடிக்கும்வரை மறுபக்கத்தைத் தொடக்கூடாது. எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் என்று சந்தேகம் வந்தால் அதைத்தான் பார்க்க வேண்டும், இடவலம் மாறியிருக்கும், அவ்வளவுதான். ஷூ தேயும்போது இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் இடதுக்கு வேறு, வலதுக்கு வேறு. மாற்றி மாட்டினால் தேயத் தேய ஷூ டிரம்மை நெருங்காது, விலகிப் போகும்.

இத்தனை மெனக்கெடுவது எதற்கு? பராமரிப்புக்காகத்தான். வேலூரில் காட்பாடி ரோடு, கிரீன் சர்க்கிள் நெரிசல் என்று ஊருக்குள்ளேயே ஓடும் வண்டியில் பின் பிரேக்குக்கு வேலை குறைவு. முன் பேட் மாற்றிய பிறகும் பின் ஷூ தடிமனாகவே இருக்கும். அதுவே டிஸ்க்காக இருந்தால் குறைவான வேலையே அதற்குக் கேடு: தகடு துருப்பிடிக்கும், ஸ்லைடு பின் இறுகும், ஒரு பேட் மட்டும் தேயும். கோடை வெயிலும் பாலாற்றுப் பக்கத்து மணல் தூசியும் சேர்ந்தால் ஸ்லைடு பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறையில் சின்னக் கிழிசல் போதும். டிரம் மூடிய பெட்டி, ஷூவும் ஸ்பிரிங்கும் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. ஹேண்ட் பிரேக் பிடியும் பலம். சக்கரம் உருளப் பார்த்தால் அந்த உருட்டலே ஷூவை டிரம்மோடு இன்னும் இறுக்கும். சத்துவாச்சாரி மலையடிச் சரிவில் வண்டி நிறுத்துகிறவருக்கு இது பெரிய நிம்மதி. செலவும் அப்படியே: ஷூ செட் மலிவு, ஹேண்ட் பிரேக்கோடு வரும் காலிப்பர் விலை கையைக் கடிக்கும்.

எலெக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் உள்ள பின் டிஸ்க்கை நான் கழற்றியதில்லை, அதை அதற்கான கருவி உள்ள இடத்தில் கொடுப்பதே சரி. மற்றபடி எதை மாட்டினாலும், வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதித்துப் பாருங்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.