க்ளைம் கேஸுக்கு செகண்ட் ஒபினியன் கேக்க ஒரு வக்கீல் ஆபீஸ் போனோம் (திருச்சி, 5க்கு 4 ஸ்டார்)

வக்கீலுக்கெல்லாம் ரிவ்யூவான்னு கேப்பீங்க. செல்போன் கவருக்கே பக்கம் பக்கமா எழுதுறோம், ஆயிரம் ரூவா குடுத்து ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வந்த எடத்துக்கு எழுதக்கூடாதா? பேரு மட்டும் போடல. வக்கீலுங்க விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு பார் கவுன்சில் ரூல் இருக்கு, "என் பேர எங்கயாச்சும் போட்டுறாதீங்க தம்பி, எனக்குத்தான் நோட்டீஸ் வரும்"னு அவங்களே சொல்லிட்டாங்க. மேடம்னே வச்சுக்குவோம்.

விஷயம் இதான். எங்க அண்ணன் தச்சு வேலை பாக்குறவரு. 2021ல ஒரு நைட்டு பைக்ல வரும்போது சந்துலேருந்து திரும்புன லோடு வேன் அடிச்சு இடது கை மணிக்கட்டோட நசுங்கிருச்சு, அப்ப அவருக்கு வயசு 39. போலீஸ் டிரைவர் மேல போட்ட கிரிமினல் கேஸு ஒண்ணு, நாங்க நஷ்டஈடு கேட்டு போட்ட எம்சிஓபி (மோட்டார் விபத்து நஷ்டஈடு மனு, க்ளைம் கேஸுங்கறது இதான்) ஒண்ணுன்னு ரெண்டும் தனித்தனியா ஓடுச்சு. 2024ல கிரிமினல் கேஸ்ல டிரைவர் விடுதலை ஆயிட்டாரு. எப்படின்னா, நேர்ல பாத்த சாட்சின்னு போலீஸ் சொன்ன டீக்கடை அண்ணாச்சி குறுக்கு விசாரணைல "சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்"னுட்டாரு. எதிர்த்தரப்பு வக்கீல் உடனே, நாய் ஏதாச்சும் குறுக்க வந்து பைக்ல வந்த ஆளு பிரேக் அடிச்சு தானா விழுந்திருக்கலாம் இல்லையான்னு கேட்டாரு, அண்ணாச்சியும் பாவம் "இருக்கலாங்க"ன்னுட்டாரு. அவ்ளோதான், சந்தேகத்தின் பலன் எதிரிக்குன்னு தீர்ப்பு. (கோர்ட்டு தமிழ்ல குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரின்னுதான் பேரு, அம்மாக்கு அந்த வார்த்தை மட்டும் புடிச்சிருந்துச்சு.) அந்த நாய இன்னைக்கு வரைக்கும் யாரும் பாத்ததில்ல.

அப்ப நாங்க வச்சிருந்த வக்கீல், டிரைவரே வெளிய வந்துட்டான் இனிமே க்ளைம்ல என்ன வரும், லோக் அதாலத்ல (சமரசம் பேசி முடிக்கிற மக்கள் நீதிமன்றம்) வேனோட இன்சூரன்ஸ் கம்பெனி எட்டு லட்சம் தர்றாங்க வாங்கிட்டு போங்கன்னாரு. அண்ணிக்கு மனசே இல்ல. அதான் செகண்ட் ஒபினியன்.

ஆபீஸப் பத்தி சொல்லணும்னா, மாடில இருக்கு, லிஃப்ட் கிடையாது, கீழ வண்டி நிறுத்த எடமே இல்ல, விபத்துல அடிபட்டவங்க வர்ற எடத்துக்கு இப்படி ஒரு படிக்கட்டான்னு எரிச்சலா வந்துச்சு. அஞ்சு மணின்னு சொல்லி ஆறரைக்குத்தான் கூப்டாங்க. குமாஸ்தா அக்கா மட்டும் அதுக்குள்ள எஃப்ஐஆர், ரஃப் ஸ்கெட்ச், வண்டிய செக் பண்ணுன எம்வி ரிப்போர்ட், மெடிக்கல் போர்டு சர்டிபிகேட் எல்லாத்தையும் வாங்கி வரிசையா அடுக்கி வச்சிருந்தாங்க. ஒரு ஸ்டார் குறைச்சது அந்த படிக்கட்டுக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கும்.

உள்ள போனதும் அம்மா எடுத்த எடுப்புல "ஜெயிச்சிருவோமாம்மா?"ன்னாங்க. பழைய வக்கீல்னா முதல்ல கண்டிப்பான்னுவாரு, அப்பறம் கஷ்டம்பாரு. இவங்க "அத இப்பவே சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம்மா"ன்னுட்டு தீர்ப்ப எடுத்து படிச்சாங்க. படிச்சுட்டு சொன்னத என்னால முடிஞ்ச அளவுக்கு எழுதுறேன், அவங்க பேசுற ஸ்பீடுக்கு நோட்ஸ் எடுக்கவே முடியல.

கிரிமினல் கேஸ்ல "நடந்திருக்கலாம்"ங்கறது எதிரியோட சொத்து. போலீஸ் சொல்ற மாதிரி நடந்திருக்கலாம்னு மட்டும் ஜட்ஜுக்கு தோணுச்சுன்னா தண்டனை குடுக்க முடியாது, நடந்துதான் இருக்கணும்னு தோணணும். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற தூரம் நெறையன்னு சுப்ரீம் கோர்ட்டு 1973லயே ஒரு மகாராஷ்டிரா கொலை கேஸ்ல சொல்லிருக்கு. அதனால எதிர்த்தரப்பு முழுசா ஒண்ணும் நிரூபிக்க வேணாம், நம்புற மாதிரி ஒரு "லாம்" கெடச்சா போதும். அங்க அந்த நாய் அவங்களுக்கு வேலை செஞ்சிருச்சு.

க்ளைம் கோர்ட்டுல அளவுகோலே வேற. அங்க எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம்ங்கறதுதான் கேள்வி, தராசு ஒரு பக்கம் லேசா சாஞ்சா போதும். சாட்சிய சட்டத்துல ஒரு விஷயம் "நிரூபிக்கப்பட்டது"ன்னா என்னன்னு எழுதியிருக்கிறதே, விவேகமுள்ள ஒருத்தன் அது இருக்குன்னு நம்பி நடந்துக்கற அளவுக்கு வாய்ப்பு இருக்கணும்ங்கற மாதிரித்தானாம். 1872 சட்டம் போயி 2024 ஜூலைல புதுசு வந்தும் அந்த விளக்கம் மாறலையாம். நூத்துக்கு நூறு நிச்சயம்னு சட்டமே எங்கயும் கேக்கலன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

அப்பறம் நம்ம ஊரு கேஸே ஒண்ணு எடுத்து காட்டுனாங்க, கருமாய் அம்மாள் கேஸு, 1980 சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு. ராத்திரில பஸ்ஸு தொங்கிட்டிருந்த ஹைடென்ஷன் கம்பில பட்டு 8 பேரு அங்கயே போயிட்டாங்க. கிரிமினல் கோர்ட்டு அது தெய்வச் செயல்னு சொல்லி டிரைவர விட்டுருச்சு, ஆனா நஷ்டஈடு வழக்குல டிரைவர் கவனக்குறைவுதான்னு சொன்னது சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் நின்னுச்சு. ஜெயிலுக்கு அனுப்பறதுக்கு வேண்டிய அலட்சியம் வேற, நஷ்டஈடு வாங்க வேண்டிய அலட்சியம் வேறன்னு அதுல இருக்கு. பழைய வக்கீலுக்கு இது தெரியாம இருக்காது, ஏன் சொல்லலன்னு தெரியல, சரி விடுங்க.

அடுத்து அவங்க கேட்டது "டிரைவர் க்ளைம் கோர்ட்டுல கூண்டுல ஏறி சாட்சி சொன்னாரா?" இல்ல. இன்சூரன்ஸ் கம்பெனி கவுண்டர்ல (நம்ம மனுவுக்கு அவங்க போட்ட பதில் மனு) நாய் கதைய எழுதியிருந்தாங்களே தவிர அத சொல்ல வேண்டிய ஆள கூப்டவே இல்ல. "அப்ப அந்த நாய் பேப்பர்ல மட்டும்தான் ஓடுது"ன்னாங்க. அண்ணன் ரொம்ப நாள் கழிச்சு சிரிச்சாரு. எம்வி ரிப்போர்ட்ல வேனோட முன்பக்க இடது மூலை நசுங்கினது இருந்துச்சு, தானா விழுந்த ஆளுக்கு வேன் ஏன் நசுங்கும்?

எனக்கு இன்னும் ஆச்சரியமா இருந்தது பணக்கணக்குதான். அண்ணன் இனிமே எவ்ளோ சம்பாதிச்சிருப்பாருங்கறது நடக்காத ஒண்ணு, அதுக்குப் போய் சட்டம் நம்பர் வச்சிருக்கு. 2017 அக்டோபர் 31ல பிரணய் சேதி கேஸ்ல அஞ்சு ஜட்ஜு பெஞ்ச் சொன்னது, சொந்தமா தொழில் பண்றவரு 40 வயசுக்குள்ளன்னா வருமானத்தோட 40 சதவீதம் கூட்டிக்கணும், 40லேருந்து 50ன்னா 25, 50லேருந்து 60ன்னா 10. அது இறந்து போனவங்க கேஸு, உயிரோட இருக்கறவங்களுக்கு எப்படி பொருந்தும்னு கேட்டேன். 2018ல ஜகதீஷ்னு ஒருத்தர் கேஸ்ல அதே 40 சதவீதம் குடுத்திருக்காங்க, அவரும் மரவேலை பாத்தவர்தான்னாங்க. அண்ணன் அந்த பேர ரெண்டு தடவ கேட்டு வாங்கிக்கிட்டாரு.

போர்டு சர்டிபிகேட்ல ஊனம் 45 சதவீதம். இன்சூரன்ஸ் அதையே வருமான இழப்புன்னு போட்டாங்க, 15,000 மாச வருமானம், 12 மாசம், வயசுக்கான பெருக்கல் (வருஷ வருமானத்த எத்தனையால பெருக்கணும்ங்கற எண்) 15, அதுல 45 சதவீதம், 12,15,000 (பேசித் தர்றோம்னது எட்டு). ஆனா 2010ல ராஜ்குமார் கேஸ்ல உடம்போட ஊனம் வேற, தொழிலோட ஊனம் வேறன்னு கோர்ட்டு பிரிச்சிருச்சு. இடது கை போன குமாஸ்தா வேலைய தொடர்ந்து பாக்க முடியும், அதே கை போன தச்சருக்கு கிட்டத்தட்ட எல்லாமே போச்சுன்னு அதுலயே உதாரணம் இருக்கு. உளிய புடிக்கறது வலது கைன்னாலும் மரத்த புடிக்கறது இடது கைதானே.

அன்னைக்கே வக்காலத்து மாத்திட்டோம். வர்ற தொகைல இவ்ளோ சதவீதம்னு பேசலாமான்னு கேட்டேன், அது தப்பு, பண்ணக்கூடாதுன்னு ஃபீஸ் தனியா சொல்லிட்டாங்க. 2025ல தீர்ப்பு வந்துச்சு. வேன் டிரைவர் மேலதான் தப்புன்னு வந்துருச்சு, தொழில் இழப்ப 75 சதவீதமா எடுத்து 15,000 கூட 40 சதவீதம் சேத்து அந்த கணக்குக்கு மட்டும் 28,35,000. வீட்டுக்கு வந்து கால்குலேட்டர்ல போட்டு பாத்தேன், இதே விபத்து ரெண்டு வருஷம் தள்ளி அண்ணனோட 41 வயசுல நடந்திருந்தா 25 சதவீதம், பெருக்கல் 14, மொத்தம் 23,62,500. அதாவது 4,72,500 கம்மி. சீக்கிரமா அடிபட்டதுக்கு சந்தோஷப்படணுமான்னு அண்ணி கேட்டாங்க, எனக்கு பதில் தெரியல.

குறைன்னா, ஃபோன் எடுக்க மாட்டாங்க, வாய்தா தேதிய நாமதான் இ-கோர்ட்ஸ் ஆப்ல பாத்துக்கணும், சாயங்காலம் ஏழுக்கு மேல போனா டென்ஷன்ல இருப்பாங்க. காலைல போறது பெட்டர். ஒரிஜினல்லாம் குடுக்காதீங்க, ஜெராக்ஸ் போதும்னு அவங்களே சொல்றாங்க.

இப்ப இன்சூரன்ஸ்காரங்க ஹைகோர்ட்டு மதுரை கிளைல அப்பீல் போயிருக்காங்க. போன வாரம் அம்மா திரும்ப அதே கேள்விய கேட்டாங்க. மேடம் "கொறைக்கலாம்மா, அப்படியேயும் விடலாம், நாம கேட்டா கூட்டவும் செய்யலாம்"னாங்க. படி எறங்கும்போது அம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு, "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான்டா, ஆனா எல்லாத்துக்கும் லாம் லாம்னே சொல்லுது"ன்னாங்க.