கார் கதவில் ஸ்பீக்கர் பாட் செய்யக் கொடுத்திருக்கிறீர்களா? ரெக்சின் ஒட்டும் முன் போய்ப் பாருங்கள்

என் காரின் முன்கதவுகளில் 6.5 இன்ச் ஸ்பீக்கர் உட்கார ஃபைபரில் பாட், அதாவது ஸ்பீக்கரைத் தாங்கும் கூடு, செய்து தருகிறோம் என்றார்கள். இரண்டு கதவுக்கும் பொருள், கூலி எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய். மதுரையில் உள்ள கடைதான், பெயர் வேண்டாம். ஜனவரியில் வண்டியை எடுத்தபோது கறுப்பு ரெக்சினைச் சுருக்கமே இல்லாமல் இழுத்து ஒட்டியிருந்தார்கள். பார்க்க அவ்வளவு அழகு. முழுப் பணத்தையும் அன்றே கொடுத்துவிட்டேன்.

சித்திரை வெயில் ஆரம்பித்ததும், பேஸ் வரும்போதெல்லாம் இடது கதவில் ஒரு கரகரப்பு. ஸ்பீக்கர் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஒருநாள் கதவைச் சாத்தும்போது உள்ளே டக்கென்று ஏதோ விட்டது. தொட்டுப் பார்த்தால் பாட் தனியாக ஆடுகிறது. கடையில் போய்க் கேட்டேன். "கதவை அடிச்சுச் சாத்தியிருப்பீங்க சார்" என்று முடித்துவிட்டார்கள். அதற்கப்புறம் போனையே எடுக்கவில்லை.

தெரிந்த டிங்கர் அண்ணனிடம் கொண்டுபோய் ரெக்சினைப் பிரித்தோம். ஃபைபர் மேட், அதாவது கண்ணாடி இழை விரிப்பு, என்று ஒரு இழைகூட இல்லை. கட்டைவிரல் தடிமனுக்கு வெறும் பட்டி. உடைந்த துண்டைக் கையில் வைத்துப் பார்த்தேன்: சாம்பல் நிறத்துக்குள் சிவப்பு நரம்பு மாதிரி கோடுகள். "ஹார்ட்னர் சரியா கலக்கலை தம்பி, அதான் திட்டுத் திட்டா நிக்குது" என்றார் அண்ணன். பட்டியை இறுக வைக்கக் கலக்கும் சிவப்புப் பசைதான் ஹார்ட்னர். அந்தக் கோடு ஓடிய இடத்தில் நகத்தால் கீறினாலே பள்ளம் விழுந்தது.

பட்டி என்பது பாலியெஸ்டர் ரெசின் என்ற பிசினில் டால்க் பொடி கலந்தது. மேடு பள்ளத்தைச் சரிசெய்ய 2, 3 மில்லிமீட்டர் பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத்தான் அது. ஸ்பீக்கர் கூட்டுக்குப் பலம் தருவது ஃபைபர் மேட்டும் ரெசினும்தான். அதை மூன்று நான்கு அடுக்காவது போட வேண்டும். ஆழமான இடைவெளியை அடைக்க இழை கலந்த பட்டி தனியாகவே கிடைக்கிறது. வெறும் பட்டியைக் கனமாக அப்பினால், கதவு அடிக்கும் அதிர்ச்சியிலும் ஸ்பீக்கர் அதிர்விலும் அது விரிசல் விடும்.

இன்னொரு கோளாறும் இருந்தது. டோர் பேடை (கதவின் உள்பக்க பிளாஸ்டிக் பலகையை)த் திருப்பினால் பின்பக்கம் 'பிபி' என்று ஆங்கில எழுத்தில் அச்சாகியிருந்தது. பாலிப்ரோபிலீன் என்ற பிளாஸ்டிக். அதன்மேல் ரெசினோ பட்டியோ சும்மா ஒட்டாது. எம்.டி.எஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) வளையத்தை ஸ்க்ரூ போட்டு இறுக்கி, அதைப் பிடிமானமாக வைத்துத்தான் ஃபைபர் மேட்டை ஏற்ற வேண்டும். வளையத்துக்கு ரெசின் பூசாவிட்டால், கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீரில் ஊதிவிடும். என் கதவில் வளையமும் இல்லை, ஸ்க்ரூவும் இல்லை.

ரெக்சின் ஒட்டிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. அதனால் வேலை கொடுக்கும்போதே, "மேட் போட்டதும் ஒரு தடவை, ரெக்சினுக்கு முன்னால் ஒரு தடவை வந்து பார்ப்பேன்" என்று சொல்லிவிடுங்கள். பின்பக்கம் கண்ணாடி இழை தெரிகிறதா என்று பார்த்து, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை பாதிப் பணத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

இடது கதவை அண்ணன் புதிதாகச் செய்துகொடுத்துவிட்டார், கரகரப்பு போய்விட்டது. வலது கதவை அடுத்த வாரம் பிரிக்கிறோம்.