15 தலைமுறை காட்டிய வம்ச அட்டவணை

குன்னூர் பெட்போர்டு பக்கம் ஒரு கடையில் போன நவம்பரில் 450 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஆபிரகாம் முதல் இயேசு வரை, நாலடி உயர பிளெக்ஸ், மேலும் கீழும் குழாய், மாட்டக் கயிறு. எங்கள் ஊர் ஈரத்துக்குக் காகிதப் படம் என்றால் இரண்டே மாதத்தில் பூசணம் பூத்துவிடும். இது ஒரு மழைக்காலம் தாங்கிவிட்டது. எழுத்தும் பெரிது, கடைசி பெஞ்சுக்குத் தெரிகிறது.

சிக்கல் பெயர்களில்தான். ஆபிரகாம் முதல் தாவீது வரை 14 தலைமுறை என்று சுவிசேஷம் எழுதிய மத்தேயுவே சொல்லியிருக்கிறார். ஞாயிறு பள்ளியில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் எழுந்துபோய் விரல் வைத்து எண்ணிவிட்டு, "டீச்சர், இதுல 15 இருக்கு" என்றான். நானும் எண்ணினேன். 15தான். எஸ்ரோமின் மகன் ஆராம், ஆராமின் மகன் ராம் என்று அச்சடித்திருக்கிறார்கள்!

இருவரும் ஒரே ஆள். பழைய ஏற்பாட்டில் இதே வரிசை வருகிற ரூத் புத்தகம் எபிரெய மொழி. அங்கே எஸ்ரோன், ராம். மத்தேயு கிரேக்கம், அங்கே எஸ்ரோம், ஆராம். எபிரெயத்தில் அந்த எஸ்ரோன் தொண்டையிலிருந்து வரும் 'ஹ'வோடு தொடங்குகிற பெயர். கிரேக்கத்தில் அதற்கு எழுத்து இல்லை, அதனால் மொழி மாறும்போது பெயரும் கொஞ்சம் மாறிவிடுகிறது. நம் பழைய வேதாகமம் இங்கே அந்தந்த இடத்தில் இருந்தபடி எழுதிவிட்டது. எஸ்றா புத்தகத்தில் செருபாபேல், மத்தேயுவில் சொரொபாபேல் என்று வருவதும் இதே கதைதான். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு மத்தேயுவிலும் எட்சரோன், இராம் என்று எபிரெய வடிவத்துக்கே திரும்பிவிட்டது. படம் போட்டவர் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு குழம்பியிருக்க வேண்டும். பாவம், அவரை மட்டும் சொல்லியும் பயனில்லை. லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் சில பழைய கிரேக்கப் பிரதிகளிலேயே இந்த ஓர் ஆளின் இடத்தில் அத்மின், ஆர்னி என்று இரண்டு பேர் நிற்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க என் அப்பாவைத்தான் இழுத்தேன். அவர் ஞானமுத்து. தேயிலைத் தோட்டத்துக் கணக்கில் ஆங்கிலத்தில் எழுதினார்கள். அதைப் பார்த்து யாரோ திரும்பத் தமிழில் எழுதியபோது அட்டையில் 'க்னானமுத்து' என்று வந்தது. அப்பா ஒருத்தர்தானே?

புரிந்தது என்று நினைத்தேன். அடுத்த கேள்வி ஒரு சிறுமியிடமிருந்து: "சாராள் பாட்டி எப்படி டீச்சர் யூதாவுக்கு மகனாப் பிறந்தாங்க?" மத்தேயுவில் பாரேசோடு யூதாவுக்குப் பிறந்த சாரா என்ற மகனைக் கேட்கிறாள். எபிரெயத்தில் செராகு, கிரேக்கத்தில் சாரா. ஆபிரகாமின் மனைவி சாராளுக்கு ஒரு 'ள்' கூட. இதற்குப் படத்தைக் குறை சொல்ல முடியாது, ஆனால் அடியில் ஒரு வரி போட்டிருக்கலாம்.

கடையில் போய்ச் சொன்னேன். அடுத்த அச்சில் பார்க்கலாம் அக்கா என்றார்கள். ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன், அதுவும் பிளெக்ஸுக்காக. வாங்குகிறவர்கள் மாட்டுவதற்கு முன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நான் ராம் மேல் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். பனியில் ஒரு ஓரம் பிரிந்துவிட்டது.