ஐந்து மின்கிற்றார், மூன்று கொளுக்கி: எது தங்கியது, எது போனது

யாழ்ப்பாணம் குருநகரில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே இரண்டு ஒழுங்கைதான். சோளகம் வீசும் மாதங்களில் யன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் உப்பு ஒட்டும். அந்த வீட்டின் முன்னறைச் சுவரில் போன வருடம் வரை ஐந்து மின்கிற்றார்கள் தொங்கின. ஒரு ஸ்குவையர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், ஒரு டெலிகாஸ்டர், ஒரு எபிஃபோன் லெஸ்பால், அதே எபிஃபோனின் 335 வகை அரைக்கூட்டுக் கிற்றார், ஒரு யமஹா பசிபிக்கா 112வி.

"உதெல்லாத்தையும் எப்ப மாமா வாசிக்கிறியள்?" என்று மருமகன் கேட்டான். உண்மையைச் சொன்னால், இரண்டைத்தான் வாசித்தேன். மற்ற மூன்றின் கம்பியும் கறுத்துப் போயிருந்தது. வாசிக்காத கிற்றார் கடற்கரை வீட்டில் சும்மா இருப்பதில்லை. அது துருப்பிடித்துக்கொண்டே இருக்கும். அதனால் இரண்டு இரண்டாக எடுத்துப் பார்த்தேன். ஒன்றைப் பெட்டியில் பூட்டிவிட்டு ஒரு மாதம் மற்றதை மட்டும் வாசிப்பது. அந்த மாதத்தில் பூட்டியதை எதற்காகத் தேடினேன் என்று பார்ப்பது. தேடவே இல்லையென்றால் அது போகலாம்.

முதல் சோடி ஸ்ட்ராட்டும் டெலியும். இரண்டும் ரேடியோ திருத்துபவராக இருந்த லியோ ஃபெண்டரின் கைவண்ணம். டெலிகாஸ்டரின் முதல் வடிவம் 1950இல் வந்தது, ஸ்ட்ராட் 1954இல். இரண்டின் கம்பி நீளமும் 25.5 அங்குலம். இரண்டிலும் கழுத்தைத் திருகாணியால் பூட்டியிருக்கும். தலைப்பகுதி பின்னால் சரியாமல் நேராக இருப்பதால் விழுந்தாலும் இலேசில் முறியாது. கிற்றார் திருத்துவதையே தொழிலாகச் செய்பவரைத் தேடிக் கொழும்புக்கு 400 கிலோமீற்றர் போக வேண்டிய எங்களுக்கு இது பெரிய விசயம். கழுத்து வளைந்தால் கழற்றி, இன்னொன்றைப் பூட்டிவிடலாம்.

வித்தியாசம், உடம்பில் கம்பிகள் தங்கும் பிரிட்ஜில் இருக்கிறது. ஸ்ட்ராட்டின் பிரிட்ஜ் ஸ்பிரிங்கில் மிதக்கிறது. கைப்பிடியை அழுத்தினால் சுருதி அலையும், அழகாகத்தான் இருக்கும். ஆனால் நம்முடைய பாட்டுகளை வாசிக்கும்போது அது காலை வாரிவிடும். ஒரு கமகத்துக்காக இரண்டாம் கம்பியை இழுக்கிறீர்கள், கீழே ஐந்தாம் கம்பியைச் சும்மா சுருதிக்காக ஒலிக்க விட்டிருக்கிறீர்கள். இழுத்த இழுப்பில் பிரிட்ஜ் முன்னால் சாய, சுருதிக் கம்பியும் சேர்ந்து இறங்கிவிடும். இரண்டும் ஒன்றையொன்று விட்டு விலகுவது காதுக்கு உடனே கேட்கும். டெலியில் பிரிட்ஜ் உடம்போடு இறுக்கப்பட்டிருக்கிறது. எவ்வளவு இழுத்தாலும் சுருதிக் கம்பி அசையாது. ஸ்பிரிங்கை இறுக்கி, பின்னால் மரத்துண்டு செருகி ஸ்ட்ராட்டையும் அசையாமல் செய்யலாம். செய்தும் பார்த்தேன். ஆனால் மிதக்கும் பிரிட்ஜைப் பூட்டிவிட்ட பிறகு அந்தக் கிற்றாரை வைத்திருக்கும் காரணத்தில் பாதி போய்விடுகிறது.

மீதிப் பாதி அதன் இடைப்பட்ட குரல். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச்சுருளைத்தான் பிக்கப் என்பது. எந்தப் பிக்கப் ஒலிப்பது என்று தெரிவு செய்யத் தொடக்க கால ஸ்ட்ராட்டில் மூன்று நிலைச் சுவிட்ச்தான் இருந்தது. வாசிப்பவர்கள் அதை இரண்டு நிலைக்கு நடுவே நிறுத்தி, இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும் அந்தக் கண்ணாடி போன்ற சத்தத்தைக் கண்டுபிடித்தார்கள். 1977இல்தான் ஃபெண்டர் ஐந்து நிலைச் சுவிட்சைப் போட்டது. அந்தக் குரல் டெலியில் இல்லை, எனக்கு வேண்டும். ஆனால் பசிபிக்காவில் இருக்கிறது! கழுத்துப் பக்கமும் நடுவிலும் ஒற்றைச்சுருள் பிக்கப், பிரிட்ஜ் பக்கம் இரட்டைச்சுருள். டோன் குமிழை இழுத்தால் அந்த இரட்டைச்சுருளும் ஒற்றையாகிவிடும். ஒரு மாதம் ஸ்ட்ராட்டைப் பூட்டி வைத்தேன், ஒரு நாளும் தேடவில்லை. குருநகரிலேயே ஒரு தம்பி வாங்கிக்கொண்டு போனான்.

இரைச்சலைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஒற்றைச்சுருள் பிக்கப் பக்கத்தில் இருக்கும் மின்காந்த அலையையும் சேர்த்துப் பிடிக்கும். எங்கள் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அந்த 50இன் உறுமல்தான் ஆம்பில் (ஒலிபெருக்கியில்) கேட்பது. திருவிழா மேடையில் ஜெனரேற்றர் ஒரு பக்கம், அலங்கார விளக்குகள் ஒரு பக்கம் என்றால் பாட்டுக்கு நடுவே அது இன்னும் பலமாகக் கேட்கும். இரட்டைச்சுருளில் இரண்டாவது சுருளை எதிர்த்திசையில் சுற்றி, காந்தத்தையும் திருப்பி வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து வரும் உறுமல் ஒன்றையொன்று வெட்டிவிடும், கம்பியின் ஒலி கூடிவிடும். இது வேறு, எர்த் கோளாறு வேறு. கொழும்பில் ஒரு கடையில் வாங்கிய கிற்றாரில் பிரிட்ஜுக்குப் போக வேண்டிய எர்த் வயரே பூட்டப்படவில்லை. நான் பல மாதங்கள் பிக்கப்பைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கம்பியைத் தொட்டவுடன் இரைச்சல் குறைந்தால் அந்த வயர் சரி. குறையாவிட்டால் கழற்றிப் பாருங்கள். கிற்றாரையும் மைக்கையும் ஒருசேரத் தொடும்போது சுர்ரென்று அடித்தால் உடனே நிறுத்துங்கள். வயரிங் தெரிந்தவர் பார்க்கும் வரை வாசிக்கவே கூடாது.

இரண்டாவது சோடிதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. எபிஃபோன் என்பது கிப்சன் நிறுவனத்தின் மலிவுப் பெயர், இரண்டு கிற்றாரும் முதலில் கிப்சன் செய்தவை. லெஸ்பால் 1952இல் வந்தது. மஹோகனி உடம்பு, மேலே மேப்பிள் பலகை. கிப்சனில் வேலை செய்த சேத் லவர் உருவாக்கிய இரட்டைச்சுருள் பிக்கப் 1957இல் அதில் ஏறியது. அடுத்த வருடமே, 1958இல், அதே பிக்கப்போடு ஈஎஸ்-335 வந்தது. 335இன் இரண்டு தோளும் கூடு. நடுவே மட்டும் கட்டை ஓடுகிறது. முழுக்கூடாக இருந்தால் ஸ்பீக்கருக்கு முன்னால் நின்றவுடன் ஊளையிடும், அதை அடக்கத்தான் அந்தக் கட்டை. இரண்டின் கம்பி நீளமும் 24.75 அங்குலம். ஃபெண்டரைவிடக் குட்டை. அதே கம்பியை அதே சுருதிக்கு ஏற்றினால் இறுக்கம் ஏறக்குறைய 6 வீதம் குறையும். விரலுக்கு அது நன்றாகவே தெரியும். ஆனந்தபைரவி போல இழுத்துக் குழைய வேண்டிய இடங்களில் நான் டெலியைவிட இவற்றைத்தான் எடுப்பேன்.

இரண்டுக்கும் பலவீனமும் ஒன்றே. தலைப்பகுதி பின்னால் சரிந்திருக்கிறது, கழுத்தோடு சேருமிடத்தில் மரம் மெலிசு. மெதுப்பையில் போட்டு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனால் ஒருநாள் முறியும். கட்டாயம் கடினப் பெட்டி வேண்டும்.

அப்படியென்றால் எது? மேடையில் முழுச்சத்தத்தில் சோலோ வாசித்தால் லெஸ்பாலின் நாதம் நின்று நீளும், 335 கொஞ்சம் முந்திக் கரையும். சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டோர்ஷனைக் கூட்டினால் லெஸ்பால் அடங்கி நிற்கும், 335 ஊளையிடத் தொடங்கும். எங்கள் குழுவில் ட்ரம்ஸ் அடிக்கும் தம்பி கெஞ்சினான்: "அண்ணை, லெஸ்பாலை மட்டும் வித்துப்போடாதேங்கோ." அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ரொக் வாசிப்பவர் என்றால் லெஸ்பாலை வைத்துக்கொண்டு 335ஐக் கொடுத்துவிடுங்கள், தயங்கவே வேண்டாம். 335இல் உள்வயரிங் பழுதானால் வயலின் துளை போன்ற அந்த எஃப் துளை வழியாக நூல் கட்டி எல்லாவற்றையும் வெளியே இழுக்க வேண்டும். ஒரு மாலை முழுக்கப் போய்விடும். லெஸ்பாலில் பின்மூடியைக் கழற்றினால் போதும்.

ஆனால் நாங்கள் வாசிப்பது கோயில் திருவிழா, தேவாலயம், கலியாணவீடு. கீபோர்ட் ஏற்கனவே நடுத்தொனி முழுவதையும் நிரப்பிவிடுகிறது. லெஸ்பாலும் அதே இடத்தில்தான் நிற்கும். இரண்டும் முட்டி, கடைசியில் கிற்றார் கேட்பதில்லை. மேடைக்கு டெலிதான். அதன் பிரிட்ஜ் பிக்கப்பின் கூர்மை கூட்டத்தின் கடைசி வரிசை வரை போகும். ஆக, லெஸ்பாலுக்கு மேடையில் வேலை இல்லை. வீட்டில் யார் என்றுதான் கேள்வி.

வீட்டில் 335 வென்றது, மின்சாரம் இல்லாத நேரத்தில். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததே, அந்த இரவுகளில் ஆம்ப் இல்லாமல் கையில் எடுத்து வாசிக்க முடிந்தது அது ஒன்றைத்தான். கூட்டு உடம்பு ஒரு அறைக்குப் போதுமான சத்தம் தரும். லெஸ்பால் அப்படி வாசித்தால் கம்பி சுரண்டுவது மட்டும்தான் கேட்கும். 90களின் முற்பகுதியில் இங்கே மின்சாரமே இல்லை, பற்றரிக்கும் தடை, சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோ கேட்டார்கள். அந்தக் காலத்தில் வளர்ந்தவனுக்கு ஆம்ப் இல்லாமலும் பேசும் ஒரு கிற்றார் வீட்டில் வேண்டும். லெஸ்பாலைக் கொடுத்த அன்று மனம் கனத்தது. இன்றும் முடிவு சரி என்றே நினைக்கிறேன்.

பசிபிக்காவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முதல் கிற்றார் எது என்று யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் செய்யும், விலைக்கு மீறிய வேலைப்பாடு. என் வீட்டில் அது மருமகனின் கையில்தான் இருக்கிறது.

கடைசியாக உப்பு. டெலியில் கம்பி உட்காரும் சாடிலின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கக் குட்டி அலன் திருகாணிகள் உண்டு. வியர்வையும் உப்புக்காற்றும் அவற்றைக் கடித்துவிடும். போன மாரியில் இரண்டு இறுகி, திருப்பும்போது தலை வழுக்கிப்போனது. 335இன் பிரிட்ஜில் உயரத்துக்கு இரண்டு பெரிய சில்லுகள்தான், அந்தத் தொல்லை இல்லை. இந்த ஒரு விசயத்தில் டெலி தோற்றது. பூச்சுப் பூசிய கம்பி போடுகிறேன், வாசித்து முடித்ததும் துடைக்கிறேன், பெட்டிக்குள் சிலிக்கா பொட்டலம் வைக்கிறேன். என் டெலியில் ஆறு சாடில், 12 திருகாணி. ஐப்பசி மழைக்கு முன் எல்லாவற்றையும் துருவேறா உருக்குக்கு மாற்ற வேண்டும். லண்டனிலிருந்து சித்தப்பா வரும்போது கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.