ஒலிம்பிக் கால்பந்து: எந்தக் கண்டத்தின் தகுதிச் சுற்று நியாயமானது?

2024 பாரிஸ் ஒலிம்பிக் ஆண்கள் கால்பந்தில் பிரேசில் இல்லை, தென் கொரியா இல்லை, மெக்சிகோவும் இல்லை. இது முக்கியமாக 23 வயதுக்குட்பட்டோருக்கான போட்டி. மூன்றையும் வெளியே தள்ளியது அவரவர் கண்டத்தின் தகுதிச் சுற்றுதான். ஆனால் தள்ளிய விதத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

பிரேசில் முந்தைய இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற அணி. தென் அமெரிக்கச் சுற்று வெனிசுவேலாவில் நடந்தது: 10 அணிகள், இரண்டே இடம். முதலில் ஐந்து ஐந்து அணிகளாக லீக், அப்புறம் நான்கு அணிகளுக்கு இன்னொரு லீக். பிரேசில் ஏழு ஆட்டம் ஆடி, கடைசியில் அர்ஜென்டினாவிடம் 1-0 என்று தோற்றது. பராகுவேயும் அர்ஜென்டினாவும் பாரிஸ் போயின. ஏழு வாய்ப்பு கிடைத்த பிறகு யாரைக் குறை சொல்வது?

கொரியாவின் கதை அப்படியில்லை. ஆசியாவின் தகுதிச் சுற்றாகக் கத்தாரில் நடந்த 23 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பையில் மூன்று லீக் ஆட்டத்தையும் ஜெயித்தார்கள், ஜப்பான் உட்பட. காலிறுதியில் இந்தோனேசியாவுடன் 2-2. பெனால்டியில் 11-10 என்று போய்விட்டது. 1988 முதல் ஒரு ஒலிம்பிக்கைக்கூடத் தவறவிடாத அணி ஒரே ராத்திரியில் வெளியே. அவர்களிடம் தோற்ற ஜப்பான் கோப்பையையே தூக்கியது! இந்தோனேசியாவின் அப்போதைய பயிற்சியாளர் ஷின் டே-யோங் கொரியர். 2016இல் கொரியாவின் ஒலிம்பிக் அணியைப் பழக்கியவரே அவர்தான். இந்தோனேசியாவுக்கும் பாரிஸ் கிட்டவில்லை. நான்காம் இடம் பிடித்து, கடைசி இடத்துக்கான பிளே-ஆஃப் ஆட்டத்தில் ஆப்பிரிக்காவின் கினியாவிடம் 1-0 என்று தோற்றது. பார்க்க ஆசியச் சுற்றுதான் சுவாரசியம். நியாயம் என்று கேட்டால் தென் அமெரிக்காவுக்கே என் ஓட்டு.

வட, மத்திய அமெரிக்கா செய்தது வேடிக்கை. 2022இல் ஹோண்டுராஸில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் போட்டியே தகுதிச் சுற்று. 2001, 2002இல் பிறந்தவர்கள் பாரிஸில் ஆடலாம், ஆனால் இதில் ஆட முடியாது. மெக்சிகோ காலிறுதியில் குவாத்தமாலாவிடம் பெனால்டியில் வீழ்ந்தது. இறுதியில் அமெரிக்காவிடம் 6-0 என்று தோற்ற டொமினிக்கன் குடியரசுக்கு டிக்கெட்!

ஐரோப்பாவில் 2023இன் 21 வயதுக்குட்பட்டோர் யூரோதான் வழி. கோப்பை வென்ற இங்கிலாந்து ஒலிம்பிக்கில் தனி நாடே கிடையாது. அதனால் இறுதியில் தோற்ற ஸ்பெயினோடு, அரையிறுதியில் தோற்ற உக்ரைனும் இஸ்ரேலும் உள்ளே வந்தன. பாவம் போர்ச்சுகல், காலிறுதியில் தோற்றது அந்த இங்கிலாந்திடம்.

சரி, ஐரோப்பாவும் தென் அமெரிக்கா மாதிரி தனிப் போட்டி வைத்தால் என்ன? வெனிசுவேலாவில் மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. சீசன் நடுவில் அத்தனை நாள் வீரர்களை அனுப்ப எந்த ஐரோப்பிய கிளப் சம்மதிக்கும்?