குல்மார்க்கில் குழி தோண்டினால் எந்தச் சோதனை: சிடி, இசிடி, பிஎஸ்டி

குல்மார்க் கோண்டோலாவின் (கேபிள் காரின்) இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் சுமார் 3,950 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடும். கோண்டோலாவை ஒட்டிய ஸ்கீ சரிவை ரோந்துக் குழு கவனிக்கிறது. அந்தச் சரிவின் எல்லையைத் தாண்டினால் நம் பாடு. சண்டிகரில் இயங்கும் பாதுகாப்புத் துறை ஆய்வகமான டிஜிஆர்இ தரும் பனிச்சரிவு எச்சரிக்கையைக் காலையிலேயே பார்த்துவிட வேண்டும். ஆனால் அது மாவட்ட அளவிலானது. நீங்கள் ஸ்கீயில் இறங்கப்போகும் அந்த ஒரு முகத்தைப் பற்றித் தனியாக எதுவும் சொல்லாது. அதை அறிய அங்கேயே பனியில் குழி தோண்டி, அடுக்குகளைச் சோதிக்க வேண்டும்.

டிசம்பரில் பனி மெலிதாகக் கிடந்து வானம் தெளிந்திருந்தால் அடித்தளம் சர்க்கரை மாதிரி உதிரும் படிகங்களாகிவிடும். 10 செ.மீ. ஆழத்துக்கு 1 டிகிரிக்கு மேல் வெப்ப வேறுபாடு இருந்தாலே இந்த மாற்றம் தொடங்கிவிடும். பிறகு மேற்கத்திய இடையூறு (மேற்கிலிருந்து நகர்ந்து வரும் மழை, பனி மண்டலம்) ஒன்று வந்து அதன்மேல் கனமான பாளத்தைக் குவிக்கும். பாளம் சரிய இரண்டு நடக்க வேண்டும்: பலவீன அடுக்கில் விரிசல் விழ வேண்டும், விழுந்த விரிசல் ஓட வேண்டும். சிடி (கம்ப்ரெஷன் டெஸ்ட்) முதல் கேள்வியோடு நின்றுவிடும். பிஎஸ்டி (ப்ராபகேஷன் சா டெஸ்ட்) இரண்டாவதை மட்டும் பார்க்கும். இசிடி (எக்ஸ்டெண்டட் காலம் டெஸ்ட்) இரண்டையும் தொடும்.

சிடிக்குக் குழிச் சுவரில் வெட்டிப் பிரித்த 30×30 செ.மீ. பனித் தூண் போதும். ஷவல் தகட்டை மேலே வைத்து மணிக்கட்டிலிருந்து 10, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 தட்டுகள். கை தன் எடையில் விழ வேண்டும், ஓங்கி அடிக்கக் கூடாது. சிறிய தூண் என்பதால் ஆபத்தில்லாத அடுக்குகளிலும் உடையும், வீண் பயம் காட்டும். தட்டு எண்ணிக்கையைவிட உடைந்த விதமே முக்கியம்: வழவழப்பான தளமாகச் சட்டென நழுவினாலோ, பொத்தென்று அமுங்கினாலோ அந்த அடுக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுக்குகளைத் தேடிப்பிடிக்க சிடி நல்லது. இறங்கலாமா என்று முடிவெடுக்க அது போதாது.

ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் என்றால் இசிடி. 2006-இல் பனிச்சரிவு ஆய்வாளர்கள் ரான் சிமன்ஹாய்ஸும் கார்ல் பர்க்லண்டும் முன்வைத்தது. சரிவின் குறுக்கே 90 செ.மீ., மேல்நோக்கி 30 செ.மீ.; அதே 30 தட்டுகள், ஆனால் ஒரு முனையில் மட்டும். விரிசல் விழுந்த தட்டிலோ அடுத்த தட்டிலோ மறுமுனை வரை ஓடிவிட்டால் 'இசிடிபி'. அந்தச் சரிவு அன்றைக்கு வேண்டாம். ஓடாமல் நின்றால் 'இசிடிஎன்'.

பெரும்பாலும் கெடுவது பின்பக்க வெட்டில்தான். முடிச்சுப் போட்ட கயிற்றை, பனியில் குத்திய நீண்ட கம்பிகளான புரோப்களைச் சுற்றி இழுத்து, சந்தேகப்படும் அடுக்குக்கும் கீழே வரை அறுக்க வேண்டும். எங்கோ ஒரு கை அகலம் ஒட்டியிருந்தாலும் தூண் பொய்யாகப் பலம் காட்டும். மேற்பரப்பு மிக மிருதுவாக இருந்தால் ஷவல் புதைந்து, தட்டின் விசை கீழே போகாது. பலவீன அடுக்கு ஒரு மீட்டருக்கும் கீழே இருந்தாலும் இதே கதைதான். அப்போது வரும் இசிடிஎன்னுக்கு மதிப்பில்லை.

அங்கே பிஎஸ்டி கைகொடுக்கும். குறுக்கே 30 செ.மீ., மேல்நோக்கி ஒரு மீட்டர். அடுக்கு அதைவிட ஆழமென்றால் அந்த ஆழத்தின் அளவுக்கே நீளம். ரம்பத்தின் மழுங்கிய விளிம்பைப் பலவீன அடுக்கிலேயே மேல்நோக்கி இழுக்க வேண்டும். பாதி நீளம் வெட்டுமுன்னரே விரிசல் தானாகக் கடைசிவரை ஓடிவிட்டால் மோசம். நடுவில் நின்றாலோ பாளம் குறுக்கே உடைந்தாலோ பரவும் வாய்ப்பு குறைவு. எந்த அடுக்கு என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பது இதன் பெரிய குறை. ரம்பம் பக்கத்துக் கடின அடுக்கில் ஏறிவிட்டால் முடிவைத் தூக்கிப்போட வேண்டியதுதான். மெல்லிய, மிருதுவான புதுப்பனிப் பாளத்துக்கும் இது பொருந்தாது.

சுவிஸ்காரர்களின் ருட்ஷ்பிளாக் 2×1.5 மீட்டர் பாளத்தின்மேல் ஸ்கீயோடு ஏறிக் குதிப்பது. நேர்மையான சோதனை, ஆனால் தோண்டவே நேரம் தின்னும். குளிர்காலத்தின் குறுகிய பகலில் இருவர் குழுவுக்குக் கட்டாது.

எதைத் தேர்ந்தாலும் குழியை நீங்கள் இறங்கும் முகத்தின் அதே திசையில், அதே உயரத்தில், மேலே செங்குத்துச் சரிவு இல்லாத இடத்தில் தோண்டுங்கள். முதலில் புரோப் குத்திப் பாருங்கள். ஆழம் குறைந்த இடத்தில்தான் அடிப் பலவீனம் கைக்கு எட்டும். ஒரு இசிடிஎன் கிடைத்தால் இன்னொரு இடத்திலும் செய்யுங்கள். இரண்டும் முரண்பட்டால் மோசமானதையே நம்புங்கள். நடக்கும்போதே காலடியில் 'வும்ப்' என்று பனி அமர்ந்தாலோ, ஸ்கீ முனையிலிருந்து கீறல் ஓடினாலோ ஷவலை எடுக்கவே தேவையில்லை: 30 டிகிரிக்குக் குறைந்த, மேலே செங்குத்து முகம் இல்லாத வழியில் இறங்கிவிடுங்கள்.