வேர் தூக்கிய நடைபாதை: வெட்டலாமா, மாற்றி அடுக்கலாமா, பாலம் போடலாமா?

பெரம்பூரிலோ வியாசர்பாடியிலோ நடைபாதையைப் பற்றிப் பேச்செடுத்தால் தெருவே இரண்டு கட்சியாகிவிடும். மரத்தை எடுத்தால்தான் தீரும் என்பார்கள் சிலர். மரத்தைத் தொடவே கூடாது, பிளாட்பாரம் எப்படிக் கிடந்தால் என்ன என்பார்கள் மற்றவர்கள். இரண்டையுமே என்னால் ஏற்க முடியவில்லை. வடசென்னைத் தெருக்களில் நிழல் ஏற்கெனவே குறைவு. பள்ளி விட்டு வெயிலில் வரும் பிள்ளைக்கு அந்தத் தூங்குமூஞ்சி மரம் வேண்டும். அந்தப் பிள்ளையைக் கூட்டிவரும் பாட்டி தூக்கி நிற்கும் சிலாபில் இடறி விழவும் கூடாது.

முதலில் வேர் ஏன் மேலே வருகிறது என்று பார்த்துவிடலாம். மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஏறக்குறைய 2 அடி ஆழத்துக்குள்ளேயே பரவுகிறது. கான்கிரீட்டுக்கு அடியில் ஈரம் ஆவியாகாமல் தங்கும். சிலாபுக்கும் மண்ணுக்கும் நடுவில் கொஞ்சம் காற்றும் இருக்கும். வேருக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. உள்ளே நுழைந்த வேர் ஆண்டுதோறும் பருக்கிறது, சிலாபு எழும்புகிறது. களிமண் இறுகிய தெருக்களில் கீழே போக வழியில்லாததால் தொல்லை இன்னும் கூடும். ஆனால் எல்லாப் பழியையும் மரத்தின்மேல் போட முடியாது. களிமண்ணே மழையில் உப்பிக் கோடையில் சுருங்கும். அடிமரத்தை ஒட்டி எழும்பியிருந்தால் வேரின் வேலை. மரத்தை விட்டுத் தள்ளி, வடிகால் ஓரமாக உள்வாங்கியிருந்தால் பெரும்பாலும் அடிமண் அரிப்பு. இதைப் பார்க்காமல் எந்த வழியைத் தேர்ந்தாலும் வீண்செலவுதான்.

நம் ஊரில் வழக்கமாக நடப்பது வேரை வெட்டிவிட்டுக் கான்கிரீட் போடுவது. சீக்கிரம் முடியும், முதல் வருடம் பளிச்சென்று இருக்கும். ஆனால் வெட்டிய நுனியிலிருந்து புது வேர்கள் கொத்தாகக் கிளம்பி, சில வருடங்களில் அதே இடத்தைத் தூக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து காற்று. அடிமரத்தின் விட்டத்தைப் போல 3 மடங்கு தூரத்துக்குள் பெரிய வேரை வெட்டினால் மரத்தின் பிடிமானமே போய்விடலாம் என்பது மர வல்லுநர்கள் சொல்லும் கணக்கு. 2 அடி விட்டமுள்ள மரம் என்றால் 6 அடி. நம் நடைபாதைகளில் பலவற்றின் மொத்த அகலமே அவ்வளவு இருக்காது. போதாக்குறைக்கு, ரோட்டுப் பக்கம் மழைநீர் வடிகால் தோண்டும்போதே ஒரு புற வேர்கள் போயிருக்கும். வீட்டுப் பக்கமும் வெட்டினால் மரம் எதைப் பிடித்து நிற்கும்? 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னை ஆயிரக்கணக்கான மரங்களை இழந்தது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு அவசர அவசரமாக வேரை வெட்டும் ஒவ்வொரு வேலையும் அடுத்த புயலில் விழுவதற்கு மரத்தைத் தயார்செய்து வைப்பதுதான்.

இதற்கு நேர் போட்டி, பேவர் பிளாக் எனும் நடைபாதைக் கற்களை எடுத்து மறுபடி அடுக்குவது. பெரும்பாலான தெருக்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். எழும்பிய கற்களைக் கையால் எடுத்து, பெரிய வேரைத் தொடாமல் அதன்மேல் ஜல்லி பரப்பி, அதற்கு மேல் மெல்லிய மணல்படுகை போட்டு, இரு பக்கமும் மெதுவான சரிவோடு அடுக்க வேண்டும். ஜல்லிக்குள் ஈரம் நிற்காததால் வேர் அதில் பரவுவது குறையும். கற்களின் இடுக்கு வழியே தண்ணீரும் இறங்கும். சில வருடங்கள் கழித்து மறுபடி எழும்பினால் அந்தக் கற்களையே எடுத்து அடுக்கலாம், உடைத்துக் குப்பையில் கொட்ட வேண்டியதில்லை. குறையும் உண்டு. ஓரக்கல் உறுதியாக இல்லாவிட்டால், குறிப்பாக ராயபுரம், திருவொற்றியூர் மாதிரியான கடலோர மணல் பகுதிகளில், அடிமணல் நழுவிக் கல் ஆடும். நடக்க மட்டும் 60 மி.மீ. கல் போதும், எண்ணூர், மணலிப் பக்கம் லாரி ஏறி நிற்கிற இடத்தில் அது நொறுங்கிவிடும்.

மரம் மிகப் பெரியது, வேர்கள் பாதை முழுக்கப் புடைத்திருக்கின்றன என்றால் பாலம் போடுவதே சரி. வேர்களுக்கு நடுவில் சிறு குழிகள் தோண்டித் தாங்குகால் நிறுத்தி, அதன்மேல் கம்பி கட்டிய சிலாபை வேரைத் தொடாமல் வைப்பார்கள். செலவில் இதுதான் உச்சம், ஆனால் ஆயுளும் அதிகம். பாதையின் மட்டம் உயரும் என்பதால் இரு முனையிலும் நீளமான சரிவு வேண்டும். பக்கத்து வீட்டு வாசலில் தண்ணீர் தேங்காமலும் பார்க்க வேண்டும். வடிகாலின் மூடியே நடைபாதையாக இருக்கும் தெருக்களில் இது நடக்காது.

இடம் இருந்தால் பாதையை வளைத்துக்கொள்ளலாம். சாலைகளுக்கான தரவிதிகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டுதல் நடப்பதற்கு 1.8 மீட்டர் தடையற்ற அகலம் கேட்கிறது. கார் நிறுத்தும் வரிசையில் ஓரிடத்தைக் குறைத்தாலே அது மரத்துக்கு வெளிப்பக்கமாகக் கிடைத்துவிடும். சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. நடப்பவருக்கு முன்னுரிமை என்று எழுதிய பிறகு ஒரு காருக்குரிய இடத்தைக் கேட்பதில் என்ன தயக்கம்?

எழும்பிய விளிம்பில் சிமெண்ட் கலவையைச் சாய்வாகப் பூசுவது தற்காலிக ஏற்பாடுதான், ஆனாலும் உடனே செய்ய வேண்டியது. பெரிய வேலை வரும்வரை சக்கர நாற்காலிக்கும் தடி ஊன்றி நடப்பவருக்கும் அதுவே துணை. வேர்த்தடுப்புத் தகடு புதிதாக நடும் கன்றுக்கு நல்லது. நிற்கிற மரத்துக்கு அதைப் புதைக்க வேரை வெட்டியாக வேண்டும். மரத்தை அகற்றுவது அது பட்டுப்போனபோதும் அடி அழுகியபோதும் மட்டும். அங்கே மறுபடி வைப்பதானால் புங்கமோ வேம்போ வைத்து, குழியை அகலமாக விடலாம்.

எந்த வழி என்றாலும் அடிமரத்தைச் சுற்றி 1 மீட்டர் மண் திறந்திருக்கட்டும். டெல்லி மரங்களுக்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் சொன்ன அளவு அது. தை பிறந்து மழை ஓய்ந்த பிறகு வேலையை வைத்துக்கொள்ளலாம். மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்குப் போன் செய்யும்போது ‘நடைபாதை உடைந்திருக்கிறது’ என்று மட்டும் சொன்னால் கான்கிரீட் லாரிதான் வரும். வேரை வெட்டக் கூடாது, கல்லை எடுத்து அடுக்க வேண்டும், மரத்தடியைத் திறந்துவிட வேண்டும் என்று மூன்றையும் புகாரிலேயே பதியச் சொல்லுங்கள். வேலைக்கு ஆள் வரும் அன்று தெருவில் ஒருவராவது பக்கத்தில் நில்லுங்கள்.